கையடக்கக் கேமராக்களில் உடல் அளவு, ஜூம், உணரி

கையடக்கக் கேமரா என்பது கழற்ற முடியாத வில்லையுடன், அணைத்தவுடன் வில்லைக்குழல் உடலுக்குள் மடங்கிக்கொள்ளும் வகையில் அமைந்த, பையில் போட்டு எடுத்துச் செல்லத்தக்க எண்முறை ஒளிப்படக் கருவியாகும். இதனை வடிவமைப்போர் மூன்று விருப்பங்களை ஒரே பெட்டிக்குள் அடக்க முயல்கின்றனர். உடல் சிறியதாக இருக்க வேண்டும். தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் ஜூம் நீளமாக இருக்க வேண்டும். ஒளியைப் பதியும் உணரி, அதாவது சென்சார், பெரியதாக இருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் இரண்டை ஒருசேரப் பெறலாம். மூன்றையும் பெற முடிவதில்லை. ரிக்கோ ஜிஆர் சிறிய உடலில் பெரிய உணரியைக் கொண்டது, ஆனால் ஜூம் கிடையாது. பானசோனிக் டிஇசட்70 சிறிய உடலில் 30 மடங்கு ஜூம் கொண்டது, ஆனால் அதன் உணரி மிகச் சிறியது. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 3 ஓரளவு பெரிய உணரியையும் நீண்ட ஜூமையும் கொண்டது, ஆனால் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது.

கடையில் கேமரா வாங்குவோர் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஜூம் எண்ணையும் மெகாபிக்சல் எண்ணையும் பார்த்தே முடிவு செய்வது வழக்கம். படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் இரண்டு எண்கள், அதாவது உணரியின் அளவும் ஒளித்துளையின் எஃப் எண்ணும், பெரும்பாலும் சிறிய எழுத்தில் பெட்டியின் பின்பக்கம் இருக்கும். அந்த இரண்டையும் படிக்கத் தெரிந்தால் எந்தக் கேமரா எந்த வேலைக்கு உதவாது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்கிட்டு அறியலாம். அதற்குப் பள்ளிக்கூடப் பெருக்கலும் வகுத்தலுமே போதும்.

உணரியின் அளவும் அதன் குழப்பமான பெயரும்

உணரிகள் "1/2.3 அங்குலம்", "1/1.7 அங்குலம்", "1 அங்குலம்" என்று குறிக்கப்படுகின்றன. இவை உணரியின் உண்மையான அளவுகள் அல்ல. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த விடிகான் என்னும் கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைக் கொண்டு அளவு சொல்லும் வழக்கம் இருந்தது. குழாயின் உள்ளே படம் விழும் பகுதி அந்த விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஆனால் "1 அங்குல" உணரியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 15.9 மி.மீ. மட்டுமே. அதன் பக்கங்கள் 13.2 × 8.8 மி.மீ.

பரப்பளவைக் கணக்கிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1/2.3 அங்குல உணரி 6.17 × 4.55 மி.மீ.; பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. 1/1.7 அங்குல உணரி சுமார் 42 சதுர மி.மீ. 1 அங்குல உணரி 116 சதுர மி.மீ. ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் உணரி 225 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி வகை உணரி ஏறத்தாழ 367 சதுர மி.மீ. பழைய 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டம் 36 × 24, அதாவது 864 சதுர மி.மீ. ஆக, பெரும்பாலான மலிவுவிலைக் கையடக்கக் கேமராக்களில் உள்ள உணரி, படச்சுருள் சட்டத்தில் முப்பதில் ஒரு பங்கு மட்டுமே.

குவியத் தொலைவும் சமான எண்ணும்

கேமரா விவரக் குறிப்புகளில் "24–720 மி.மீ." என்று காணப்படுவது வில்லையின் உண்மையான குவியத் தொலைவு அன்று. 35 மி.மீ. படச்சுருள் கேமராவில் எந்தக் குவியத் தொலைவு அதே பார்வைக் கோணத்தைத் தருமோ அந்த எண்ணாகும். இதனைச் சமானக் குவியத் தொலைவு என்பர். 24 மி.மீ. சமானம் மூலைவிட்ட வாக்கில் ஏறத்தாழ 84 பாகை அகலத்தைப் பார்க்கும். ஓர் அறையின் பெரும்பகுதி அடங்கிவிடும். 720 மி.மீ. சமானம் மூன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைவாகவே பார்க்கும்.

உண்மையான குவியத் தொலைவை அறிய, சமான எண்ணை உணரிக்குரிய ஒரு காரணியால் வகுக்க வேண்டும். 1/2.3 அங்குல உணரிக்கு இக்காரணி 5.6, 1 அங்குல உணரிக்கு 2.7, ஏபிஎஸ்-சி உணரிக்கு 1.5. பானசோனிக் டிஇசட்70 கேமராவின் 720 மி.மீ. சமானம், உண்மையில் 129 மி.மீ. வில்லைதான். சிறிய உணரியின் பெரிய நன்மை இதுவே. உணரி சுருங்கினால் அதே கோணத்துக்கு வேண்டிய குவியத் தொலைவும் அதே விகிதத்தில் சுருங்குகிறது, வில்லைக்குழலும் சுருங்குகிறது. 30 மடங்கு ஜூம் காற்சட்டைப் பைக்குள் போவது இதனால்தான்.

"30 மடங்கு" என்பது வில்லையின் மிக நீண்ட குவியத் தொலைவை மிகக் குறுகியதால் வகுத்து வரும் ஈவு மட்டுமே. கண்ணால் காண்பதைவிட 30 மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது அதன் பொருளன்று. 2006-இல் வந்த பானசோனிக் டிஇசட்1 35–350 மி.மீ. சமானம் கொண்டது, 2016-இல் வந்த டிஇசட்100 25–250 மி.மீ. சமானம் கொண்டது. இரண்டுமே 10 மடங்கு ஜூம்தான். முன்னது தொலைவில் கூடுதலாக எட்டும். பின்னது அறைக்குள் கூடுதலாக அடக்கும்.

நுழைதுளை: எல்லாக் கணக்கும் இங்கே முடிகிறது

எஃப் எண் என்பது குவியத் தொலைவை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண். எனவே உண்மையான குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் நுழைதுளையின் விட்டம் கிடைக்கும். ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே நேர அளவுக்குப் பதியும் இரண்டு கேமராக்களில் எது கூடுதலான ஒளியைப் பிடிக்கிறது என்பதை இந்த விட்டமே சொல்லும். மழையில் வைத்த அண்டாவில் எவ்வளவு நீர் சேரும் என்பது அதன் வாயின் அகலத்தைப் பொறுத்தது என்பதுபோல.

பையில் அடங்கும் சில கேமராக்களின் தொலைமுனையில், அதாவது ஜூமை முழுதும் நீட்டிய நிலையில், இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பானசோனிக் டிஇசட்100: 91 மி.மீ., எஃப்/5.9, நுழைதுளை 15 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 6: 72 மி.மீ., எஃப்/4.5, 16 மி.மீ. டிஇசட்70: 129 மி.மீ., எஃப்/6.4, 20 மி.மீ. டிஇசட்200: 132 மி.மீ., எஃப்/6.4, ஏறத்தாழ 21 மி.மீ. 40 மடங்கு ஜூம் கொண்ட கேனான் எஸ்எக்ஸ்740: 172 மி.மீ., எஃப்/6.9, 25 மி.மீ. வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு உணரிகள், வெவ்வேறு ஜூம் எண்கள். ஆயினும் நுழைதுளை 15-க்கும் 25-க்கும் இடையில் நின்றுவிடுகிறது.

இது தற்செயல் அன்று. முன்கண்ணாடி நுழைதுளையைவிடச் சிறியதாக இருக்க முடியாது. அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் குழல்கள், மோட்டார், நடுக்கத் தடுப்பு அமைப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். இவ்வளவும் ஏறத்தாழ 60 மி.மீ. உயரமுள்ள உடலுக்குள் அடங்க வேண்டும். ஒருவர் 1 அங்குல உணரியோடு 720 மி.மீ. சமானத்தையும் சட்டைப்பையில் கேட்டால், உண்மையான குவியத் தொலைவு 267 மி.மீ. ஆக இருக்க வேண்டும். எஃப்/6.4 என்று வைத்தால்கூட நுழைதுளை 42 மி.மீ. ஆகும். குழலோடு சேர்த்தால் அது கேமராவின் முகப்பு முழுவதையும் விழுங்கிவிடும். 2015-இல் வந்த நிக்கான் பி900 24–2000 மி.மீ. சமானம் கொண்டு வியப்பூட்டியது. அதன் நுழைதுளை 55 மி.மீ.; எடை 899 கிராம். அதற்குத் தோள்பை வேண்டும்.

அகலமுனையில் பெரிய உணரியின் வெற்றி

ஜூமை நீட்டாத நிலையில் நிலைமை வேறு. 24 மி.மீ. சமானத்தில் டிஇசட்70 கேமராவின் உண்மையான குவியத் தொலைவு 4.3 மி.மீ.; எஃப் எண் 3.3, நுழைதுளை வெறும் 1.3 மி.மீ. அதே 24 மி.மீ. சமானத்தில் 2014-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-இன் குவியத் தொலைவு 8.8 மி.மீ.; எஃப்/1.8, நுழைதுளை 4.9 மி.மீ. விட்டங்களின் விகிதம் 3.75. பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஒளியளவு 14 மடங்கு.

இருட்டிய அறையில், மேடை நிகழ்ச்சியில், பிறந்தநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்த 14 மடங்குதான் படத்தைக் காப்பாற்றுகிறது. ஒளி துகள்களாக வந்து விழுவதால் அதன் எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த ஏற்ற இறக்கமே படத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சலாகத் தெரிகிறது. தெளிவுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒளியளவின் இருமடி மூலத்தைப் பின்பற்றும். 14 மடங்கு ஒளி என்றால் ஏறத்தாழ 3.7 மடங்கு தூய்மையான படம். சிறிய உணரிக் கேமராவின் மென்பொருள் இரைச்சலைத் துடைத்தெடுக்க முயலும்போது முகத்தின் தோலும் துணியின் இழையும் சேர்ந்தே அழிந்து, மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பெரிய உணரி மட்டும் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. ரிக்கோ ஜிஆர் 2013-இல் வந்தபோது, 245 கிராம் எடையில் ஏபிஎஸ்-சி உணரி என்பது பெரும் பேச்சாக இருந்தது. அதன் வில்லை 18.3 மி.மீ., எஃப்/2.8, நுழைதுளை 6.5 மி.மீ. 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-இன் வில்லை அதே 28 மி.மீ. சமானத்தில் 10.4 மி.மீ., எஃப்/1.8, நுழைதுளை 5.8 மி.மீ. உணரியின் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் பெரிது. பிடிக்கும் ஒளியோ நான்கில் ஒரு பங்குதான் கூடுதல். உடலைச் சிறிதாக வைக்க ரிக்கோ ஒளித்துளையில் விட்டுக்கொடுத்தது. அதன் படங்கள் கூர்மையாக இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஜூம் இல்லாத வில்லையை ஒரே ஒரு குவியத் தொலைவுக்காகத் திருத்தமாக வடிவமைக்க முடிகிறது. ஜூம் வில்லையோ எல்லா நிலைகளுக்கும் பொதுவாகச் சமரசம் செய்துகொள்ள வேண்டியது.

தொலைமுனையில் நிலைமை தலைகீழாவது

பெரிய உணரி எப்போதும் மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, தொலைவில் உள்ள சிறு பொருள்களைப் பொறுத்தவரை சரியன்று. மரக்கிளையில் அமர்ந்த ஒரு பறவையை இரண்டு பேர் ஒரே இடத்திலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். ஒருவர் கையில் டிஇசட்70, 720 மி.மீ. சமானம், 12 மெகாபிக்சல். மற்றவர் கையில் அதைவிட விலை கூடிய டிஇசட்100, 250 மி.மீ. சமானம், 20 மெகாபிக்சல், நான்கு மடங்கு பெரிய உணரி. இரண்டாமவர் தம் படத்தை வெட்டி அதே அளவு பறவையைக் காட்ட வேண்டுமானால், பக்கவாட்டில் 2.88 மடங்கு வெட்ட வேண்டும். பரப்பில் அது 8.3 மடங்கு. 20 மெகாபிக்சலில் எஞ்சுவது 2.4 மெகாபிக்சல்தான். மேலும், பறவையிலிருந்து வரும் ஒளியைப் பிடிக்கும் நுழைதுளை முன்னவருக்கு 20 மி.மீ., பின்னவருக்கு 15 மி.மீ. ஆகவே ஒரே ஷட்டர் வேகத்தில் அந்தப் பறவையின்மேல் சிறிய உணரிக் கேமராவே ஏறத்தாழ 1.7 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பெரிய உணரியின் மீதிப் பரப்பெல்லாம் பறவையைச் சுற்றியுள்ள இலைகளைப் பதிந்துகொண்டிருக்கிறது. அது வெட்டி எறியப்படும்.

இருப்பினும் 2.4 மெகாபிக்சல் என்பது ஒன்றுமில்லாதது அன்று. முழு உயர்தெளிவுத் தொலைக்காட்சித் திரை 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். கைப்பேசித் திரையில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு வெட்டிய படமே போதும். அச்சிடவோ, இறகின் அமைப்பை வைத்து இனத்தை அடையாளம் காணவோ வேண்டுமானால்தான் வேறுபாடு புலப்படும்.

12 மெகாபிக்சல் முழுவதும் பயன் தருகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஒளி ஒரு துளை வழியே செல்லும்போது விளிம்பு விளைவால் சற்றுப் பரவுகிறது. இதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழும். அந்த வட்டின் விட்டம் 2.44 × ஒளியின் அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் என்று கொண்டால் எஃப்/6.4-இல் வட்டு 8.6 மைக்ரான். டிஇசட்70-இன் ஒரு பிக்சல் 1.5 மைக்ரான். எனவே ஒரு புள்ளியின் பிம்பம் ஐந்தாறு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. 12 மெகாபிக்சல் கோப்பில் உண்மையான விவரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இதே வில்லைக்குப் பின்னால் 18 மெகாபிக்சல் வைத்தாலும் புதிய விவரம் எதுவும் கிடைக்காது.

வெயிலும் ஒரு நிபந்தனை. 720 மி.மீ. சமானத்தில் கைநடுக்கம் தெரியாதிருக்க, நடுக்கத் தடுப்பு இல்லையெனில் ஷட்டர் வேகம் நொடியில் 1/720 அளவில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. நல்ல வெயிலில் எஃப்/6.4, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/625 கிடைக்கும், சரியாகப் போய்விடும். ஒளி எட்டில் ஒரு பங்காகும் நிழலில் அதே வேகத்தைக் காக்க ஐஎஸ்ஓ 800 வேண்டும். சிறிய உணரி அங்கே திணறத் தொடங்கும். நடுக்கத் தடுப்பு கைநடுக்கத்தை அடக்குமேயன்றிப் பறவையை அசையாமல் நிறுத்தாது. நீண்ட ஜூம் கொண்ட கையடக்கக் கேமரா என்பது பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்கான கருவி என்பதை வாங்குமுன்பே ஏற்றுக்கொள்வது நல்லது.

மெகாபிக்சல் பின்வாங்கிய இரு நிகழ்வுகள்

உற்பத்தியாளர்கள் மெகாபிக்சலை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனார்கள் என்பது பொதுவான எண்ணம். ஓரிரு முறை அவர்களே இறங்கி வந்ததும் உண்டு. கேனான் நிறுவனத்தின் ஜி10, 2008-இல் 14.7 மெகாபிக்சலுடன் வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11 10 மெகாபிக்சலுக்கு இறங்கியது. பானசோனிக்கின் டிஇசட்60 18 மெகாபிக்சல். 2015-இல் வந்த டிஇசட்70 அதே 30 மடங்கு ஜூமுடன் 12 மெகாபிக்சலுக்கு இறங்கியது. எண் குறைந்த பொருளை "மேம்பட்டது" என்று விற்பது எளிதன்று.

வில்லையை மடிக்கும் உத்திகள்

உடலைச் சிறிதாக்கப் பொறியாளர்கள் செய்த முயற்சிகள் சுவையானவை. 2002-இல் மினோல்டா வெளியிட்ட டிமாஜ் எக்ஸ், வில்லைக்குழலை வெளியே நீட்டுவதையே கைவிட்டது. முன்கண்ணாடியின் பின்னால் ஒரு முப்பட்டகம் வைத்து ஒளியை 90 பாகை திருப்பி, உடலுக்குள்ளேயே செங்குத்தாக ஜூம் இயங்கும்படி அமைத்தனர். கேமராவின் தடிமன் 20 மி.மீ. மட்டுமே. அடுத்த ஆண்டு பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ் வேறொரு வழியைக் காட்டியது. கேமராவை அணைக்கும்போது வில்லைத் தொகுதியில் ஒரு பகுதி பாதையைவிட்டு விலகி மற்றதன் பக்கத்தில் போய் அமர்ந்துகொள்ளும். புதினா மிட்டாய் விற்கும் சிறு தகரப்பெட்டிக்குள் அக்கேமரா அடங்கும் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

மினோல்டாவின் முப்பட்டக உத்தி அத்துடன் மறையவில்லை. 2019-இல் ஹுவாவே பி30 ப்ரோ போன்ற கைப்பேசிகளில் "பெரிஸ்கோப்" வில்லை என்ற பெயரில் அதே கருத்து திரும்பி வந்தது.

நீண்டு மடங்கும் குழலுக்கு ஒரு தீமை உண்டு. குழல் நீளும்போது உள்ளே காற்று இழுக்கப்படுகிறது. காற்றோடு தூசியும் வருகிறது. பையின் அடியில் கிடக்கும் நூல் துணுக்கும் மணலும் குழலின் இடுக்கில் சேர்ந்து, சில நாளில் உணரியின்மேல் போய் அமரும். வில்லை கழற்ற முடியாதது என்பதால் வீட்டில் துடைக்க வழியில்லை. படத்தின் வானப் பகுதியில் ஒரே இடத்தில் எப்போதும் தெரியும் சாம்பல்நிறப் புள்ளி இதன் அடையாளம். ஜூமை நீட்டி, ஒளித்துளையைச் சுருக்கினால் அப்புள்ளி இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரே வரிசையில் மூன்று சமரசங்கள்

சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசை இவ்விட்டுக்கொடுத்தலைப் பாடநூல்போல் காட்டுகிறது. உணரி எல்லாவற்றிலும் 1 அங்குலம், 20 மெகாபிக்சல். உடலின் அகலமும் உயரமும் ஏறத்தாழ மாறவேயில்லை. மாறியது வில்லை. 2012-இன் முதல் மாதிரி 28–100 மி.மீ. சமானம், எஃப்/1.8–4.9, 240 கிராம், தடிமன் 36 மி.மீ. அகலமுனையில் ஒளி மிகுதி, ஆனால் ஜூமை நீட்டியவுடன் துளை சுருங்கிவிடும். 2014-இன் மார்க் 3, எஃப்/1.8–2.8 என்று இருமுனைகளிலும் ஒளியைக் காத்தது. அதற்காக ஜூம் 24–70 மி.மீ. ஆகக் குறுகியது, தடிமன் 41 மி.மீ., எடை 290 கிராம் ஆயிற்று. முகப்படம் எடுப்போர்க்கு வசதியான 100 மி.மீ. போய்விட்டது. 2018-இன் மார்க் 6 மறுதிசையில் சென்றது: 24–200 மி.மீ., எஃப்/2.8–4.5. அகலமுனையில் ஒளி இரண்டரை மடங்கு குறைந்தது. முந்தைய மாதிரிகளில் இருந்த, ஒளியைக் குறைக்கும் உள் வடிகட்டியும் நீக்கப்பட்டது. மார்க் 6 வந்த பின்னும் பழைய மாதிரிகள் கடைகளில் தொடர்ந்து விற்கப்பட்டன. எண்ணில் புதியது பழையதைவிட எல்லா வகையிலும் மேல் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பை என்றால் எந்தப் பை

"பையில் அடங்கும்" என்ற சொல்லில் நீள அகலத்தைவிடத் தடிமனே முக்கியம். 36 மி.மீ. தடிமனுள்ள கேமரா காற்சட்டையின் முன்பையில் போகும். சட்டைப்பையில் போனாலும் பை தொங்கும். டிஇசட்100 போன்ற 44 மி.மீ. கேமரா தளர்வான காற்சட்டைக்கே பொருந்தும். ஃபோர் தேர்ட்ஸ் உணரியும் 24–75 மி.மீ., எஃப்/1.7–2.8 வில்லையும் கொண்ட பானசோனிக் எல்எக்ஸ்100 மிக நல்ல கேமரா. ஆனால் அதன் தடிமன் 55 மி.மீ., எடை 393 கிராம். குளிர்நாட்டுக் கோட்டுப்பைக்கு அது கையடக்கம். சட்டை மட்டும் அணியும் ஊர்களுக்கு அன்று. அந்தக் கேமராவிலும்கூட உணரியின் முழுப்பரப்பும் பயன்படுத்தப்படவில்லை. வில்லையைச் சிறிதாக்க உணரியின் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்தி, 16 மெகாபிக்சலில் ஏறத்தாழ 12.8 மெகாபிக்சலைத் தரும்படி அமைத்துள்ளனர்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். விவரக் குறிப்பில் உள்ள நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றுக்கு அட்டையில் ஒரு பெட்டி செய்து, அதற்குள் அதே எடைக்கு அரிசியோ மணலோ நிரப்பி, ஒருநாள் முழுதும் பையில் வைத்துத் திரிந்து பார்ப்பது. இணையத்தில் பத்து மதிப்புரைகளைப் படிப்பதைவிட இது பயன் தரும். வீட்டில் விட்டுவிட்டு வரும் கேமரா எவ்வளவு பெரிய உணரி கொண்டிருந்தாலும் படம் எடுக்காது.

கைப்பேசி வந்த பின்

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, வில்லை பொருத்தப்பட்ட எண்முறைக் கேமராக்களின் ஏற்றுமதி 2010-இல் 10 கோடியைத் தாண்டியிருந்தது. 2020-இல் 40 லட்சத்துக்கும் கீழே வந்தது. முதலில் வீழ்ந்தவை 1/2.3 அங்குல உணரியும் குறைந்த ஜூமும் கொண்ட மலிவுவகைகள். அகலமுனையில் 1.3 மி.மீ. துளை கொண்ட கேமராவைக் கைப்பேசியின் அகலத்துளை வில்லை எளிதில் வென்றது. அதோடு அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இரைச்சலைக் குறைக்கும் கணிப்பு முறையும் கைப்பேசியில் சேர்ந்துகொண்டது. 1 அங்குல உணரியே கைப்பேசிக்குள் வந்துவிட்டது: 2014-இல் பானசோனிக் சிஎம்1, 2022-இல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா.

கைப்பேசியால் எளிதில் வெல்ல முடியாதது தொலைமுனைதான். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குள் 20 மி.மீ. நுழைதுளையை வைக்க இடமில்லை. எனவே இன்று கைப்பேசி வைத்திருப்பவர் தனியாக ஒரு கையடக்கக் கேமரா வாங்க நினைத்தால், கைப்பேசியில் இல்லாத எதை அது தருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பறவை, விளையாட்டுத் திடல், கோபுரச் சிற்பம், நிலா என்று தொலைவில் உள்ளவற்றை வெளிச்சத்தில் எடுப்பவருக்கு, சிறிய உணரியே ஆனாலும் 30 மடங்கு ஜூம் பொருளுள்ள முதலீடு. மேடைக்கு அருகில் அமர்ந்து கலை நிகழ்ச்சி எடுப்பவருக்கு ஆர்எக்ஸ்100 மார்க் 3, கேனான் ஜி7 எக்ஸ் போன்ற 1 அங்குல உணரியும் எஃப்/1.8–2.8 துளையும் கொண்டவை ஏற்றவை. பயணத்துக்கு ஒரே கேமரா போதும் என்பவருக்கு டிஇசட்100, மார்க் 6 ஆகியவை இடைப்பட்டவை. இடைப்பட்டவை என்பதாலேயே இருட்டிலும் தொலைவிலும் முழு நிறைவு தராதவை.

2020-களின் தொடக்கத்திலிருந்து பழைய கையடக்கக் கேமராக்களை இரண்டாங்கையாக வாங்கும் வழக்கம் இளையோரிடையே பரவியுள்ளது. அவ்வாறு வாங்குவோர் ஜூமை முழுவதும் நீட்டி மடக்கிக் குழல் தடையின்றி இயங்குகிறதா என்றும், வெள்ளைச் சுவரை ஒளித்துளை சுருக்கிப் படமெடுத்துத் தூசிப்புள்ளி தெரிகிறதா என்றும், மின்கலம் இன்னும் கடைகளில் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கேமரா நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்பட்டதும் உண்டு. டிஇசட்100 அமெரிக்காவில் இசட்எஸ்100, டிஇசட்70 அங்கே இசட்எஸ்50.